டிரைவ்-த்ரூ, பார்சல், டெலிவரி, தர்ஷினி: பெங்களூரில் எதற்கு எது?

"ஆபீஸ் முடிந்து வரும் வழியில் டிரைவ்-த்ரூவில் வாங்கிக்கொண்டு போய்விடுவதா, கடையில் இறங்கிப் பார்சல் கட்டுவதா, வீட்டுக்குப் போய் ஆப்பில் போட்டுவிடுவதா?" பெங்களூரில் கார் வைத்திருக்கும் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இது. கேள்விக்குள்ளேயே ஒரு முடிவும் ஒளிந்திருக்கும்: டிரைவ்-த்ரூ என்றால் சட்டென்று வேலை முடியும். ராத்திரி எட்டு மணிக்கு ஏழு வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். டிரைவ்-த்ரூ நமக்கு மிச்சம் பிடித்துத் தருவது இறங்கி ஏறும் வேலையையும் பார்க்கிங் தேடும் தலைவலியையும்தான். நேரமும் மிஞ்சினால் அது அன்றைய அதிர்ஷ்டம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கணக்கு சுலபம், நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகும் தர்ஷினிக் கடையையும் சேர்த்து.

## முதலில் அந்தச் சொல்

டிரைவ்-த்ரூ என்பது ஒரு பாதை. ஒரு முனையில் வண்டி நுழைகிறது, ஓரிடத்தில் வேண்டியதைச் சொல்கிறோம், அடுத்த ஜன்னலில் வாங்கிக்கொள்கிறோம், மறுமுனையில் வெளியேறுகிறோம். "த்ரூ" என்பதில்தான் விஷயம் இருக்கிறது: ஊடே புகுந்து வெளியே வருவது. வண்டி நிற்பதெல்லாம் வரிசைக்காக மட்டும்.

டிரைவ்-இன் வேறு. அங்கே வண்டியை உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வண்டியிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம், அல்லது படம் பார்க்கலாம். சென்னை கதீட்ரல் ரோட்டில் 2008 வரை இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; அது இருந்த இடம்தான் இன்றைய செம்மொழிப் பூங்கா. பெங்களூரில் லாவெல் ரோடு பக்கம் மரத்தடியில் இருக்கும் ஏர்லைன்ஸ் ஹோட்டலும் அந்தக் காலத்து டிரைவ்-இன் வகைதான். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் இரண்டையுமே "டிரைவ்-இன்" என்று சொல்லிவிடுவார்கள். "டிரைவ்-இன்ல வெயிட் பண்றேன்" என்று போனில் அப்பா சொன்னால், அவர் நிற்பது வரிசையிலா, பார்க்கிங்கிலா என்று இன்னொரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது. டேக்அவே என்று போர்டில் எழுதியிருப்பதற்கு நம் வாயில் ஒரே சொல்: பார்சல்.

பலகைகளில் இந்தச் சொல்லின் பின்பாதியை "thru" என்று நான்கே எழுத்தாகச் சுருக்கி எழுதுவது அமெரிக்கக் கடைகளின் வழக்கம். பொருள் அதேதான்.

சொல் சாப்பாட்டோடு நிற்கவில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது காரிலேயே உட்கார்ந்து மூக்கை நீட்டும் டிரைவ்-த்ரூ பரிசோதனை இந்த நாட்டுக்கும் வந்தது. சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியில் கட்டாயமான பிறகு நாம் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். யோசித்துப் பார்த்தால், பெட்ரோல் பங்க்கில் இறங்காமல் "ஃபுல் டேங்க்" என்று சொல்லும் நாம் எப்போதிலிருந்தோ டிரைவ்-த்ரூ வாடிக்கையாளர்கள், பெயர்தான் தெரியாது. அமெரிக்காவில் இந்தச் சொல்லுக்கு ஒரு கசப்பான பயன்பாடும் உண்டு. பிரசவமான பெண்ணை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிய காப்பீட்டுக் கணக்கை "டிரைவ்-த்ரூ பிரசவம்" என்று திட்டினார்கள். சுகப்பிரசவத்துக்கு 48 மணி நேரம், சிசேரியனுக்கு 96 மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்க விட வேண்டும் என்று 1996-ல் சட்டமே போட வேண்டியதாயிற்று.

அவசரம் என்ற வாசனை இப்படித்தான் சொல்லில் ஒட்டிக்கொண்டது. ஆனால் மெக்டொனால்ட்ஸ் தன் முதல் டிரைவ்-த்ரூவை 1975-ல் அரிசோனாவின் சியேரா விஸ்டாவில் திறந்த காரணம் வேறு. பக்கத்து ராணுவ முகாமின் வீரர்கள் வேலைச் சீருடையில் வெளியே வந்தால் காரை விட்டு இறங்கக்கூடாது என்று விதி. இறங்க முடியாதவர்களுக்காகச் சுவரில் ஜன்னல் வைத்தார்கள். பெங்களூரிலும் இந்த வசதி முழுசாகப் பலன் தருவது இறங்க முடியாதவர்களுக்குத்தான்: பின்சீட்டில் தூங்கும் குழந்தை, முட்டி வலியோடு அம்மா, கொட்டும் மழை.

## எதை வைத்து எடை போடுவது

நேரத்தை எங்கிருந்து எங்கே அளக்கிறோம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் நிற்கும் நேரத்தை மட்டும் எண்ணக்கூடாது. உங்கள் வழக்கமான வழியை விட்டு வண்டி விலகும் இடத்திலிருந்து, அதே வழிக்குத் திரும்பும் வரை எண்ணுங்கள். யூ-டர்னும் சர்வீஸ் ரோடும் இதில் அடக்கம்.

பில்லுக்கு வெளியே போகும் பணம் இரண்டாவது. ஜிஎஸ்டியால் வித்தியாசம் எதுவும் வராது. சாதாரண ரெஸ்டாரன்ட் உணவுக்கு 2017 நவம்பரிலிருந்து 5 சதவீதம்தான், உட்கார்ந்து சாப்பிட்டாலும் கட்டிக்கொண்டு போனாலும். மற்றவைதான் கை கடிக்கும்.

அடுத்து, வண்டியில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களில் ஓடிப்போய் வாங்கிவர ஒருவர் உண்டா. பிறகு, வாயில் வைக்கும் நிமிடத்தில் உணவு எப்படியிருக்கும். கடைசியாக, தப்பான பொருள் வந்தால் திருத்த எவ்வளவு அலைச்சல்.

## டிரைவ்-த்ரூ

நுழைந்ததும் முதலில் வருவது விலைப்பலகை. அடுத்து மைக், சில இடங்களில் கையில் டேப்லெட்டோடு நிற்கும் பணியாளர். பிறகு பணம் கட்டும் ஜன்னல், பிறகு பொருள் தரும் ஜன்னல். சின்னக் கடையில் இரண்டும் ஒன்றே. நம் ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் ஜன்னலும் வலப்பக்கமே வர வேண்டும். ஆகவே பாதை கட்டிடத்தை வலம் வருவது போலச் சுற்றும், கோயிலைச் சுற்றுகிற அதே திசை.

இந்த வளைவுகளில்தான் வண்டி உரசும். ஸ்விஃப்ட், வேகன்ஆர் போன்றவற்றின் திரும்பும் ஆரம் 5 மீட்டருக்குள்; இன்னோவா அளவு வண்டிகளுக்கு அதற்கு மேல் வேண்டும். வளைவில் வலப்பக்கத் திண்டை ஒட்டியே போனால் பின்சக்கரம் திண்டில் ஏறி ரிம் தேயும். கொஞ்சம் இடப்பக்கம் விட்டு அகலமாக எடுத்து, ஜன்னலுக்கு ஒரு வண்டி நீளம் முன்பே சக்கரத்தை நேராக்கிவிடுங்கள். நின்றதும் திண்டுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு முழத்துக்கும் குறைவான இடைவெளி இருந்தால் கை நீட்டி வாங்க வரும். அதற்கு மேல் போனால் சீட் பெல்ட்டைக் கழற்றி உடம்பைப் பாதி வெளியே தள்ள வேண்டும். அப்போதுதான் பிரேக்கிலிருந்து கால் நழுவி வண்டி நகரும். ஜன்னலில் நின்றதும் ஹேண்ட்பிரேக் போட்டு நியூட்ரலுக்கு வந்துவிடுவது எளிய பாதுகாப்பு. கூரையில் கேரியர் கட்டியிருந்தால் நுழைவில் தொங்கும் உயரக் கம்பியையும் பாருங்கள்.

மைக்கில் சொல்வதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. பாட்டை நிறுத்துங்கள், ஏசி ஃபேனைக் குறையுங்கள். மைக் அந்த இரைச்சலையும் சேர்த்தே வாங்கும். எண்ணிக்கையை முதலில், பெயரை அடுத்து, மாற்றத்தை அந்தந்தப் பொருளோடு சேர்த்துச் சொல்லுங்கள்: "ரெண்டு வெஜ் பர்கர், அதுல ஒண்ணு வெங்காயம் இல்லாம." எல்லாம் முடிந்தபின் "எதிலயும் வெங்காயம் போடாதீங்க" என்றால் எதற்கு என்று அவருக்குத் தெரியாது. பெங்களூரில் மைக்கின் மறுமுனையில் இருப்பவர் கன்னடக்காரராகவோ, ஒடிசாவிலிருந்தோ மணிப்பூரிலிருந்தோ வந்தவராகவோ இருக்கலாம். பலகையில் உள்ள பெயரை அப்படியே படிப்பதும், திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பதும் மொழிச் சிக்கலைத் தீர்த்துவிடும். பணத்துக்குத் தட்டிக் கட்டும் கார்டே வேகமானது, 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காது. யூபிஐ என்றால் ஜன்னலுக்கு வருமுன்பே ஆப்பைத் திறந்து வையுங்கள். கட்டிட நிழலில் சிக்னல் சுற்றிக்கொண்டே இருக்க, பின்னால் ஹார்ன் கேட்பது தினசரிக் காட்சி.

இனி நேரம். கடைக்குள் கவுன்டர் வரிசையில் ஒருவர் பத்துப் பேருக்கு ஆர்டர் கொடுத்தால் அவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு உங்களுடைய காபியைக் கொடுத்துவிடுவார்கள். பாதையில் அது நடக்காது. முன்னால் நிற்பவர் ஆபீஸ் முழுவதற்கும் வாங்கினால் அவருக்குப் பின்னால் இருக்கும் எல்லோரும் அவருடைய சமையலுக்குக் காத்திருக்க வேண்டும். அதனால்தான் சில கடைகளில் "முன்னாடி போய் நிறுத்துங்க சார், கொண்டு வந்து தர்றோம்" என்று தள்ளிவிடுகிறார்கள். அங்கே போய் நின்றபின் உங்களை மறந்துவிடும் வாய்ப்பும் உண்டு. பில்லைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதில் உள்ள எண்தான் உங்கள் அடையாளம்.

வண்டிக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் ஐந்து வண்டிக்குப் பத்து நிமிடம். பாதையின் இருபக்கமும் திண்டு இருந்தால் நடுவில் மனம் மாறி வெளியே வரவும் முடியாது. ஆகவே நுழைவதற்கு முன்பே எண்ணுங்கள். ஆறு வண்டிக்கு மேல் நின்று, உங்களோடு கால் திடமான ஒருவர் இருந்து, அதே கடையில் ஒரு பார்க்கிங் இடமும் காலியாக இருந்தால், அவரை உள்ளே அனுப்பிவிடுங்கள். பெரும்பாலும் அவர் முந்திக்கொள்வார்.

மறைந்த செலவில் எரிபொருள் சின்னது. ஏசியோடு நிற்கும் சின்ன பெட்ரோல் கார் மணிக்குச் சுமார் 0.6 முதல் 1 லிட்டர் வரை குடிக்கும். பத்து நிமிடத்துக்குப் பத்து பதினைந்து ரூபாய். மின்சாரக் கார் என்றால் அதுவும் கிட்டத்தட்ட இல்லை. கியர் வண்டியில் பாதிக் கிளட்ச் பிடித்துக்கொண்டே ஊர்வதுதான் மெல்ல மெல்லப் பர்ஸைத் தின்னும். முன்வண்டி முழுசாக ஒரு இடம் நகர்ந்தபின் ஒரே தடவையில் நகருங்கள்.

பெரிய செலவு, சாலை நடுவில் இருக்கும் மீடியன். அவுட்டர் ரிங் ரோட்டிலோ ஓசூர் ரோட்டிலோ கடை எதிர்ப்பக்கம் இருந்தால், போக ஒரு யூ-டர்ன், திரும்ப ஒரு யூ-டர்ன். சாயங்காலப் போக்குவரத்தில் இரண்டு கிலோமீட்டருக்குக் கால் மணி நேரம் போவது பெங்களூரில் அதிசயமில்லை. உங்கள் போக்கில் இடக்கைப் பக்கம் இல்லாத டிரைவ்-த்ரூ, இல்லாததற்குச் சமம். பைக்கில் போகிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், பாதையில் இருசக்கர வண்டியை விடுவது கடைக்குக் கடை மாறும்.

கிடைக்கும் உணவும் ஒரு வட்டத்துக்குள்தான்: பர்கர், வறுவல், ராப், காபி. ஜன்னலை விட்டு நகருமுன் பையைத் திறந்து எண்ணிவிடுங்கள். பின்னால் ஹார்ன் அடித்தாலும் பரவாயில்லை. பாதையை விட்டு வெளியேறியபின் ஒரு பாக்கெட் குறைகிறது என்று தெரிந்தால், மறுபடி வரிசை அல்லது பார்க்கிங் தேடி உள்ளே நடை. குளிர்பானத்தைச் சூடான உணவுப் பையில் போடவிடாதீர்கள். கோப்பை வியர்த்து, காகிதப் பையின் அடி நனைந்து, வீட்டு வாசலில் தூக்கும்போது பிய்த்துக்கொண்டு விழும்.

## இறங்கிப் பார்சல்

நம் சாப்பாட்டுக்கு இதுதான் பொருத்தம், ஆனால் எல்லாப் பலகாரமும் ஒன்றல்ல. இட்லி அரை மணி நேரம் மூடி வைத்தாலும் தாங்கும். பொங்கல், பிசிபேளாபாத் இறுகும், கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கிளறினால் சரியாகிவிடும். தோசைதான் கஷ்டம். மூடிய டப்பாவுக்குள் அதன் ஆவி வெளியே போக வழியில்லாமல் மொறுமொறுப்பின் மீதே படியும். பத்து நிமிடத்தில் துணி போல் ஆகிவிடும். வாழையிலையோ காகிதமோ வைத்துச் சுற்றி, பொட்டலத்தை முழுசாக மூடாமல் கட்டச் சொன்னால் ஓரளவு பிழைக்கும். வறுவலுக்கும் வடைக்கும் இதே விதிதான்: வண்டியில் ஏறியதும் பையின் வாயைத் திறந்துவிடுங்கள். டிரைவ்-த்ரூ வறுவலுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சாம்பாரைச் சுடச்சுட பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவதை இன்னும் பல கடைகளில் பார்க்கலாம். ஒரு எவர்சில்வர் தூக்கை வண்டியில் வைத்திருந்தால் இந்தத் தொல்லையும் பார்சல் சார்ஜும் சேர்ந்து குறையும். கேட்டால் பெரும்பாலான கடையில் மறுக்கமாட்டார்கள். 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் ஸ்பூன், ஸ்ட்ரா எல்லாம் நாடு முழுக்கத் தடை என்பதால் கிடைப்பது மரக்கரண்டியும் காகித ஸ்ட்ராவும். வண்டியில் இரண்டு எவர்சில்வர் ஸ்பூன் இருந்தால் பாதி வழியில் ஸ்ட்ரா கூழாவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மறைந்த செலவு பார்க்கிங். இந்திராநகர் 100 அடி ரோட்டிலோ கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கமோ வண்டி நிறுத்தும் இடம் தேடிச் சுற்றுவது சமையல் நேரத்தைவிட நீளமாகும். "அஞ்சே நிமிஷம்" என்று நோ-பார்க்கிங்கில் விட்டு அபராதம் கட்டினால் அந்தக் காசில் இன்னொரு நாள் சாப்பாடு. இதற்கு நம்மவர்கள் கண்ட வழி எளிது: கிளம்பும்போதே கடைக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவது, பக்கத்தில் வந்ததும் இன்னொரு போன், பையன் வாசலுக்கு வந்து கொடுத்துவிடுவான், பணம் யூபிஐயில். பலகையில் டிரைவ்-த்ரூ என்று எழுதாத டிரைவ்-த்ரூ இது. தெரிந்த கடையில் மட்டும் நடக்கும், வியாபாரம் மும்முரமாக இருக்கும் நேரத்தில் நடக்காது.

தப்பு நடந்தால் திருத்துவது இங்கேதான் சுலபம். கவுன்டரில் நின்றபடியே பொட்டலத்தைப் பிரித்துக் காட்டலாம். சட்னி இல்லையென்றால் எட்டிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

## வீட்டுக்கு டெலிவரி

சௌகரியத்துக்கு இதற்கு நிகர் இல்லை. விலைக்கும்தான்.

கணக்குக்காக ஒரு உதாரணம். கடையில் 600 ரூபாய்ச் சாப்பாடு, வரியோடு 630. அதே உணவு ஆப்பில் 660 என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் ஆப்புக்குத் தரும் கமிஷனை ஈடுகட்ட ஆப்பில் விலையை ஏற்றி வைப்பது சகஜம். பேக்கிங் 20. இந்த 680-க்கு 5 சதவீத வரி 34. டெலிவரி 35, ஆப் தனக்கென்று வாங்கும் பிளாட்ஃபார்ம் கட்டணம் 15. 2025 செப்டம்பர் 22 முதல் டெலிவரிச் சேவைக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு; இந்த இரண்டு கட்டணத்துக்கும் சேர்த்து 9 ரூபாய். மொத்தம் 773. கடை விலையைவிட 143 ரூபாய் அதிகம். கூப்பன் இருந்தால் இது குறையும், மழை பெய்தால் ஏறும். பிளாட்ஃபார்ம் கட்டணம் 2023-ல் 2 ரூபாயில் ஆரம்பித்தது என்பதை நினைத்தால் சிரிப்பு வரும்.

அதே உதாரணத்தில் டிரைவ்-த்ரூ 630-ம் பெட்ரோல் 15-ம், ஆக 645. பார்சல், பேக்கிங்குக்கு 20 சேர்த்து வரியோடு 651, பார்க்கிங் 30 என்றால் 681. வித்தியாசத்துக்கு நீங்கள் வாங்குவது, உங்கள் வண்டி கேரேஜிலேயே கிடப்பதை. வேலை முடிந்து ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்ட மனிதருக்கு அது நியாயமான விலைதான். சாப்பாடு வாங்குவதற்கென்றே மறுபடி காரை எடுப்பதைவிட டெலிவரி மலிவு என்றுகூடச் சொல்லலாம்.

நேரம் உங்கள் கையில் இல்லை. ஆப் காட்டும் 30 நிமிடத்தில் சமையல், டெலிவரி ஊழியர் கிடைப்பது, போக்குவரத்து எல்லாம் அடக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பில் கேட்டில் பெயர் எழுதி, செக்யூரிட்டி அனுமதி கேட்டு, எந்த டவர் என்று தேடி வரும் நேரம் அதற்கு மேல். முகவரியில் கேட் எண்ணையும் டவரையும் எழுதிவைத்தால் ஐந்து நிமிடம் மிஞ்சும். தப்பான பொருள் வந்தால் படம் எடுத்து அனுப்பினால் பணம் திரும்ப வரலாம், ஆனால் பசி நேரத்தில் சாப்பாடு திரும்ப வராது.

## நின்று சாப்பிட்டுவிட்டுப் போவது

இதை யாரும் ஒப்பிட மாட்டேன் என்கிறார்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம். ஆர். பிரபாகர் 1983-ல் ஜெயநகரில் தொடங்கிய கஃபே தர்ஷினியிலிருந்து வளர்ந்த இந்த முறை, பெங்களூரின் உண்மையான அவசர உணவு. டோக்கன் வாங்கு, கவுன்டரில் நீட்டு, தட்டை எடு, நின்று சாப்பிடு, கை கழுவு. இட்லி வடை கையில் வர இரண்டு நிமிடம், சாப்பிட எட்டு நிமிடம். பைக்கில் தனியாகப் போகிறவருக்கு மேலே சொன்ன எதுவும் இதன் பக்கத்தில் வராது. தோசையும் கல்லிலிருந்து நேராக வாய்க்கு.

கார், வயதானவர்கள், கைக்குழந்தை, இந்த மூன்றில் எது சேர்ந்தாலும் கணக்கு மாறிவிடும்.

## ஒரே பார்வையில்

| எடைபோடும் விஷயம் | டிரைவ்-த்ரூ | பார்சல் | டெலிவரி | தர்ஷினி |
|---|---|---|---|---|
| நேரம் | வரிசையைப் பொறுத்தது. இடையில் விலக முடியாது | போனில் சொல்லிவைத்தால் குறைவு | அரை மணிக்கு மேல், நம் கையில் இல்லை | சுமார் பத்து நிமிடம், சாப்பிட்டே முடிந்துவிடும் |
| கூடுதல் செலவு | 10–15 ரூபாய் பெட்ரோல், யூ-டர்ன் | பார்சல் சார்ஜ், பார்க்கிங் | எல்லாவற்றிலும் அதிகம் | பார்க்கிங் மட்டும் |
| இறங்க வேண்டுமா | வேண்டாம் | ஒருவர் | வேண்டாம் | எல்லோரும் |
| உணவின் நிலை | வறுவல் சீக்கிரம் நமுக்கும் | இட்லி தாங்கும், தோசை தாங்காது | மூன்றாம் மனிதர் கையைப் பொறுத்தது | மிகச் சிறப்பு |
| தப்பைத் திருத்த | ஜன்னலிலேயே பார்த்தால் உண்டு | உடனே | பணம் மட்டும் | உடனே |
| கழிப்பறை | நிறுத்தி இறங்கினால்தான் | இருந்தால் உண்டு | வீடு | எல்லா இடத்திலும் இல்லை |

## சில நிலைமைகள்

பின்சீட்டில் குழந்தை தூங்குகிறது, கூட வேறு பெரியவர் யாரும் இல்லை: டிரைவ்-த்ரூ. பார்சல் வாங்க இரண்டு நிமிடம்கூடக் குழந்தையை மூடிய காரில் விட்டுப் போகக்கூடாது. பெங்களூர் வெயில்தானே என்று நினைக்காதீர்கள், கண்ணாடி ஏற்றிய காருக்குள் சூடு நிமிடங்களில் ஏறும். இந்த ஒரு காரணத்துக்காகவே பத்து வண்டி வரிசையையும் பொறுத்துக்கொள்ளலாம்.

மழை பெய்கிறது: டெலிவரிக் கட்டணம் ஏறும், நேரமும் நீளும். வழியில் இடக்கைப் பக்கம் டிரைவ்-த்ரூ இருந்தால் அதுவே நல்லது. ஆனால் பாதையில் தண்ணீர் தேங்கியிருந்தால் திண்டு கண்ணுக்குத் தெரியாது, மெதுவாகப் போங்கள்.

வீட்டில் நான்கு பேர், நான்கு ருசி: பார்சல் அல்லது டெலிவரி. மைக்கில் பன்னிரண்டு பொருளும் ஐந்து மாற்றமும் சொல்லிப் பார்த்தால் ஏன் என்று புரியும். அப்படியும் டிரைவ்-த்ரூதான் வேண்டும் என்றால், அந்தக் கடையின் ஆப்பில் முன்பே ஆர்டர் கொடுத்துவிட்டு எண்ணை மட்டும் சொல்ல வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

சர்க்கரைக்கு ஊசி போடும் பெரியவர் வண்டியில் இருக்கிறார்: வரிசை எவ்வளவு நேரம் என்று தெரியாத எதையும் நம்பி ஊசியை முன்னால் போட வேண்டாம். சாப்பாடு கைக்கு வந்தபின் போடட்டும்.

ஓட்டுபவருக்கே பசி: எதை வாங்கினாலும் நிறுத்திச் சாப்பிடுங்கள். ஒரு கையில் ராப், மறுகையில் ஸ்டியரிங் என்று சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் ஊர்ந்தால், மடியில் விழும் ஒரு துளிச் சாஸைப் பார்க்கக் குனியும் அந்த ஒரு நொடி போதும், முன்வண்டியின் பம்பரைத் தொட.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குக் கிளம்புவது தனிக் கதை. எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து அத்திப்பள்ளி வரை வண்டிகள் ஒட்டி நிற்கும் அந்த நேரத்தில், "போற வழியில டிரைவ்-த்ரூல வாங்கிக்கலாம்" என்று குடும்பத்தோடு புறப்படுகிறவர்கள் அதிகம். சேலமோ வேலூரோ போகிறவருக்கு அது இரண்டு முறை நிற்பதில்தான் முடியும். ஜன்னலில் சாப்பாடு கிடைக்கும், கழிப்பறை கிடைக்காது. ஒரு மணி நேரத்தில் குழந்தையோ பெரியவரோ கேட்பார்கள், மறுபடி நிறுத்த வேண்டும். இதற்கு நல்லது, வீட்டுப் பக்கத்துக் கடையிலேயே ஆறு மணிக்கு இட்லியோ எலுமிச்சைச் சாதமோ கட்டிக்கொண்டு கிளம்பி, ஓசூர் தாண்டி நெரிசல் விட்டபின், கழிப்பறை சுத்தமாக இருக்கும் ஒரே இடத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் முடித்துக்கொள்வது. சாதம் சூடாறியபின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், தயிர் கலந்ததை டிக்கியில் வைக்காமல் ஏசி படும் இடத்தில் வையுங்கள். காபிக்கு மட்டும் வேண்டுமானால் டிரைவ்-த்ரூவில் நுழையலாம், அதுவும் நுழைவில் நின்று வண்டிகளை எண்ணிய பிறகு.